நிற்கத் தெரிந்த கார்

மோட்டார் காரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். ஏறி உட்காரத் தெரியும். ஊர் வந்ததும் இறங்கத் தெரியும். நடுவில் நடப்பதெல்லாம் டிரைவர் பாடு, ஆண்டவன் பாடு என்று முப்பத்தைந்து வயது வரையில் காலத்தைத் தள்ளிவிட்டேன்.

அப்பேர்ப்பட்ட நான் சென்ற சித்திரையில் இரண்டு நாள் முழுக்க ஒரு காரின் பிரேக்கை மிதித்தேன் என்றால் நம்புவீர்களா? கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நான்கு மரக்கட்டைகளின் மேல் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கதவு கிடையாது, கூரை கிடையாது, வர்ணமும் கிடையாது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஒரு கூடு. கூட்டுக்குள் ஒரு நாற்காலி. நாற்காலியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்!

இந்த அலங்கோலம் எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன். வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். மிகச் சின்னப் பொய். நீங்களும் நானும் தினம் பத்துத் தடவை சொல்லக்கூடிய பொய். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ஆசிரியர் என்னைப் புன்னக்காயலுக்கு அனுப்பியது காருக்காக அல்ல, ஒரு புத்தகத்துக்காக. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். போர்த்துகலிலிருந்து வந்து, தமிழ் படித்து, தமிழிலேயே எழுதிய அண்டிரீக் அடிகள் என்ற பாதிரியாரின் ‘அடியார் வரலாறு’ 1586ல் அங்கேதான் அச்சானது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். “போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார் ஆசிரியர். என் அக்கா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதும், ஆகவே ஹோட்டல் செலவு மிச்சம் என்பதும் அவருக்குத் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆத்தூரில் இறங்கிக் கிழக்கே திரும்ப வேண்டும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் குளுமை கொஞ்ச தூரம் கூட வருகிறது. அப்புறம் காற்றில் உப்பு வாசனை ஏறுகிறது. பச்சை போய் வெள்ளை வருகிறது. உப்பளங்கள், பாத்திகள், அம்பாரம் அம்பாரமாய் உப்பு. கடைசியில் ஆறும் கடலும் கை கோத்துக்கொள்ளும் மணல் மேட்டில் ஊர்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியதுமே, பின்புறத்துக் கொட்டகையிலிருந்து அவள் மகன் ஓடி வந்தான். இருபது வயது, தூத்துக்குடிப் பக்கத்தில் எஞ்சினீரிங் படிக்கிறான்.

“சித்தி! நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க கால் வேணும்!”

சித்தியின் காலில் விழுந்து கும்பிடப் போகிறான் என்று நினைத்து நான் பெருமையோடு நின்றேன். அவன் என்னை அப்படியே கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

*

என் அத்தான் படகு எஞ்சின் மெக்கானிக். வள்ளங்களின் டீசல் எஞ்சின்கள் அவர் கொட்டகைக்கு வந்து இருமல் தீர்த்துக்கொண்டு போகும். அந்தக் கொட்டகையில்தான் அப்பனும் பிள்ளையுமாக ஒரு வருஷமாகக் காரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, அதன் எஞ்சின், சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, தாங்களே செய்த இரும்புக் கூட்டில் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

“இதெல்லாம் நடக்கிற காரியமாடா?” என்று கேட்டேன்.

அவன் சுவரைக் காட்டினான். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம். “கோயமுத்தூர் கரிவரதன், சித்தி” என்றான்.

நெய்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன், நேயர்களே என்று எழுத வந்து கை தடுமாறுகிறது. அவ்வளவு சுவாரஸ்யமான மனிதர் அவர். கோயமுத்தூரில் பெரிய மில் குடும்பத்தில் பிறந்தவர். பந்தயக் கார் என்றால் சீமையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும் என்றிருந்த காலத்தில், நம் ஊரில் கிடைக்கும் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்களை 1980களில் செய்து காட்டினார். 1995ல் ஒரு விமான விபத்தில் அவர் காலமாகிவிட்டார். கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி எஞ்சின் பூட்டிய அந்த மாதிரிக் கார்களில் பழகிய கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன்தான் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர்.

சீமையில் இந்தக் கைவேலை இன்னும் பழசு. 1957ல் காலின் சாப்மன் என்ற ஆங்கிலேயர் ‘லோட்டஸ் ஸெவன்’ என்ற சிறிய காரை உதிரிப் பாகங்களாகவே விற்றார். வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும். முழுக் காராக வாங்கினால் வரி. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை! நம் வீடுகளில் இட்லி மாவு கடையில் வாங்காமல் அரிசியும் உளுந்தும் வாங்குகிறோமே, அந்தக் கணக்குத்தான்.

“அதெல்லாம் சரி. இந்த வண்டியை எங்கே ஓட்டப் போகிறாய்?”

“ரோட்டுல ஓட்ட முடியாது சித்தி. பதிவு நம்பர் இல்லாம ஓட்டக் கூடாது. வீட்டுல செஞ்ச காருக்கு நம்பர் வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அப்பாவுக்குத் தெரிஞ்சவரோட உப்பளம் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள அவரோட சொந்தப் பாதை, நேரா அரை மைல். அதுல ஓட்டிக்கலாம்னு சொல்லியிருக்காரு.”

அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டு குரல் கொடுத்தாள். “ஓட்டுறது இருக்கட்டும். நிக்குமான்னு கேளு. நிக்கும்னு நான் கண்ணால பாத்த பொறவுதான் இவன் அதுல ஏறணும்.”

அதற்குத்தான் என் கால் வேண்டியிருந்தது.

*

பிரேக் என்பது என்ன என்று மருமகப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குப் பொறுமையாகச் சொன்னான் அந்தப் பையன். எனக்குப் புரிந்த மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாம் மிதிக்கும் மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே கயிறோ சங்கிலியோ இல்லை. ஒரு திரவம்தான் இருக்கிறது. மிதிக்குப் பின்னால் ஒரு சிறிய உருளை. அதிலிருந்து சுண்டுவிரலில் பாதி பருமன்கூட இல்லாத குழாய்கள் நான்கு சக்கரத்துக்கும் ஓடுகின்றன. உருளையும் குழாயும் நிறையப் பிரேக் திரவம். முன் சக்கரங்களில் ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ‘காலிப்பர்’ என்ற இரும்புக் கிடுக்கி ஒன்று காத்திருக்கிறது. பின் சக்கரங்களில் தகட்டுக்குப் பதில் டிரம்.

கால் 20 கிலோ பாரம் கொடுத்தால், மிதியின் நெம்பு அதை 5 மடங்கு ஆக்கி உருளைக்கு 100 கிலோவாகக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையின் வாய் 3 சதுர சென்டிமீட்டர், கிடுக்கியின் வாய் 18 சதுர சென்டிமீட்டர் என்றால் அந்த 100 கிலோ அங்கே போய்ச் சேரும்போது 600 கிலோ! திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னார். நான்கு சக்கரத்துக்கும் திரவப் பிரேக் வைத்த கார் 1921ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் சென்னைப் பாடியில் 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா கம்பெனி முதல் இன்றைய தொழிற்சாலைகள் வரை எல்லாரும் அந்த ஒரே சூத்திரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

சூத்திரத்துக்கு ஒரே ஒரு சத்துரு. அது காற்று. திரவத்தை அமுக்க முடியாது. காற்றை அமுக்க முடியும். உப்பின பூரியை விரலால் அழுத்திப் பாருங்கள், தெரியும். குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தால், நம் கால் பலமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது.

ஆகையால் புதிதாகக் குழாய் பூட்டியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதியில், ஒருவர் சக்கரத்தடியில். சக்கரத்தடியில் இருப்பவர் காலிப்பரில் உள்ள சின்னக் குமிழ்த் திருகில் கண்ணாடி போன்ற குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் அமிழ்த்துகிறார். பிறகு நடப்பது ஒரு சம்வாதம்.

“மிதிங்க!”

“மிதிச்சாச்சு.”

“பிடிச்சுக்கோங்க.” திருகு திறக்கிறது; மிதி தரைக்கு இறங்குகிறது; பாட்டிலில் குமிழிகள் கொப்பளிக்கின்றன. “விட்டுராதீங்க... விட்டுராதீங்க...” திருகு மூடுகிறது. “இப்போ விடுங்க.”

மூடுவதற்கு முன் காலை எடுத்தால் போச்சு. வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். உருளையிலிருந்து எந்தச் சக்கரம் அதிக தூரமோ அதிலிருந்து ஆரம்பித்துக் கிட்டத்தில் உள்ளதற்கு வர வேண்டும். மேலே உள்ள சிறிய கிண்ணத்தில் திரவம் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் திரவம் இருக்கிறதே, அது சாமானியப்பட்டதல்ல. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசியில் திறந்து வைத்த உப்பு ஜாடி மாதிரி. அதிலும் புன்னக்காயல் காற்று! மூடியைத் திறந்தால் உடனே மூடு என்று பையன் கத்துவான். இரண்டு சொட்டு சிந்திப் பக்கத்தில் கிடந்த வள்ளத்துப் பலகையில் பட்டது. துடைப்பதற்குள் நீல வர்ணம் சுருங்கி உரிந்து வந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், “எஞ்சின் ஆயில் எங்கிட்ட நெறைய இருக்கே, தரட்டுமா?” என்று அன்போடு கேட்டார். பையன் பதறிப் போனான். எஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துப் பிரேக்கே பாழாகிவிடுமாம்.

*

முதல் நாள் முழுக்க மிதித்தேன். “மிதிங்க, பிடிங்க, விடுங்க.” அண்டிரீக் அடிகளின் புத்தகம் பையிலேயே கிடந்தது. இரண்டாம் நாளும் மிதித்தேன். மூன்று பாட்டில் திரவம் தீர்ந்தது. பின் சக்கரங்கள் சரியாகிவிட்டன. முன் சக்கரங்களிலும் கடைசியில் பாட்டிலில் குமிழி வருவது நின்றுவிட்டது. ஆனால் மிதி மட்டும் பஞ்சு மாதிரியே இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். முதல் மிதியில் கால் தரை வரை போகும். உடனே இன்னொரு தடவை மிதித்தால் பாதியில் நிற்கும். நான்கைந்து தடவை அடுத்தடுத்து மிதித்தால் ‘கிண்’ணென்று கெட்டியாகிவிடும். ஒரு நிமிஷம் சும்மா விட்டு மிதித்தால் மறுபடி பஞ்சு. இது எனக்குத் தெரிந்தது. என் காலுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம். கொசு பிடுங்கியது. இடுப்பு விட்டுப்போயிற்று. பையன் மல்லாந்து படுத்தவாறே முகமெல்லாம் கரியோடு கேட்டான்:

“சித்தி, இப்போ எப்படி இருக்கு? கெட்டியா இருக்கா?”

அவன் குரலில் அவ்வளவு ஆசை. நான் நான்கைந்து தடவை வேகமாக மிதித்தேன். கெட்டியாயிற்று.

“இருக்குடா, பரவாயில்லை” என்றேன்.

இதுதான் நேயர்களே, அந்தப் பொய்.

முதல் மிதி எப்படி இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவனும் வந்து மிதித்துப் பார்த்தான். நான் மிதித்த சூட்டோடு மிதித்ததால் அவனுக்கும் கெட்டியாகவே தெரிந்தது. அத்தான் வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் அல்லவா? அந்த 61 நாளில்தான் எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். அவர் தூத்துக்குடியில் வேலையாக இருந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரு சிறிய லாரியில் ஏற்றிக் காரை உப்பளத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் வந்தாள். அவளுடைய இளைய மகள், ஏழு வயசு, பாதையின் கோடியில் போய் நின்றுகொண்டு அண்ணனுக்குக் கைக்குட்டையை ஆட்டினாள்.

கார் புறப்பட்டது. ஒரு மாட்டு வண்டியின் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நான் கைதட்டினேன். நடுப்பாதைக்கு வந்ததும் அவன் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நடுப்பாதை வந்தது. கார் நிற்கவில்லை.

அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. மிதிக்கிறான். கார் போய்க்கொண்டே இருந்தது. சின்னவள் இன்னும் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒரு சத்தமும் போடவில்லை. ஓட ஆரம்பித்தாள்.

பையன் சட்டென்று சக்கரத்தை ஒடித்தான். பாதையோரத்து உப்பு அம்பாரத்தில் கார் மூக்கைப் புதைத்து நின்றது. உப்பு சரிந்து அவன் மடியெல்லாம் கொட்டியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சின்னவள் கைகொட்டிச் சிரித்தாள். அண்ணன் வித்தை காட்டினான் என்று நினைத்திருக்கிறாள்.

அம்பாரத்துக்கும் அந்தக் குழந்தை நின்ற இடத்துக்கும் பதினைந்து கஜம் இருக்கும். நான் பின்னால் காலடி வைத்து அளந்து பார்த்தேன்.

*

அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கை பிரேக் என்னாச்சு?” என்றார்.

கை பிரேக் திரவத்தை நம்பியிருப்பதல்ல. கம்பி வடம் போட்டுப் பின் சக்கரங்களை நேரே இழுத்துப் பிடிப்பது. அதை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று பையன் விட்டுவைத்திருந்தான். அவன் தலை குனிந்தது.

“ரெண்டு பிரிவாத்தானே குழாய் போட்டோம்? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கணுமே?”

முன் இடதும் பின் வலதும் ஒரு பிரிவு. முன் வலதும் பின் இடதும் மறு பிரிவு. ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்ற வேண்டும். இரண்டு காவல்காரர்களும் ஒரே சமயத்தில் எப்படித் தூங்கினார்கள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

“மிதி நல்லாத்தான் இருந்துச்சுப்பா. சித்தியும் சொன்னாங்க...”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து கஜம் தொண்டையில் நின்றது.

“இல்லை அத்தான். நல்லா இல்லை. முதல் மிதி தரை வரைக்கும் போச்சு. அடிச்சு அடிச்சு மிதிச்சாத்தான் கெட்டியாச்சு. எனக்குத் தெரியும். அலுப்பா இருந்தது, பையன் மனசு கஷ்டப்படுமேன்னு இருந்தது. பரவாயில்லைன்னு சொல்லிட்டேன்.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

அத்தான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடிச்சு மிதிச்சாக் கெட்டியாகுதா? அப்போ ஒழுக்கு இல்ல. உள்ள காத்து இருக்கு. இதை நேத்தே சொல்லியிருந்தா வண்டி கொட்டகையை விட்டு நகர்ந்திருக்காதேம்மா.” டாக்டரிடம் நோயாளி ஒளிக்காமல் சொன்னால் பாதி வைத்தியம் ஆனதுபோல அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

ஆனால் மூன்று பாட்டில் ஊற்றியும் போகாத காற்று எங்கே ஒளிந்திருக்கிறது? காரை மறுபடி கட்டையில் ஏற்றி, முன் சக்கரங்களைக் கழற்றி, அப்பனும் பிள்ளையும் இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அத்தானின் தாயார், என் அத்தை, எழுபது வயசுக்காரி, கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஏல, என்னத்தலே தேடுதிய?”

“காத்தைத் தேடுதோம் ஆச்சி” என்றான் பையன் எரிச்சலோடு. “உள்ள நிக்கி. இந்தத் திருகு வழியா வெளிய வரணும். வர மாட்டேங்கு.”

கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “காத்து மேலதானலே போவும்? நீ வாசலைக் கீழல்லா வச்சிருக்க!”

அத்தான் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து பார்த்தார்கள்.

காலிப்பரில் குமிழ்த் திருகு உச்சியில் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே ஏறும் காற்று அது வழியே வெளியேறும். இந்தக் காரில் இரண்டு முன் சக்கரங்களிலும் திருகு அடியில் இருந்தது! இடது காலிப்பரை வலதிலும், வலது காலிப்பரை இடதிலும் மாற்றிப் பூட்டிவிட்டிருந்தார்கள். இரண்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றுக்கொன்று மாறானவை. ஆனால் மாற்றிப் பூட்டினாலும் திருகாணி அழகாகப் பொருந்திக்கொள்ளும். உச்சியில் ஒரு கவளம் காற்று சிறைப்பட்டுக் கிடக்க, கீழே திரவம் மட்டும் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. ஆகவேதான் பாட்டிலில் குமிழி நின்றுவிட்டது. ஆகவேதான் இரண்டு காவல்காரர்களும் சேர்ந்து தூங்கினார்கள்.

எனக்கு நான் பார்க்க வந்த அச்சுப் புத்தகம் ஞாபகம் வந்தது. அச்சு எழுத்தை இடவலம் மாற்றித்தான் வார்க்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். இதே ஊரில் நானூறு வருஷத்துக்கு முன் ஒவ்வொரு எழுத்தையும் அப்படித் திருப்பித் திருப்பிக் கோத்திருப்பார்கள். பிழை விழுந்தால் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். பிரேக்கில் விழுந்த பிழையைக் காட்டிக் கொடுக்க ஒரு கால்தான் உண்டு. அந்தக் கால் என்னுடையதாக இருந்தது.

*

காலிப்பர்களை இடம் மாற்றினார்கள். குழாய் சேரும் இடத்தில் பழைய செப்பு வளையங்களை எறிந்துவிட்டுப் புதியவை போட்டார்கள். கை பிரேக்கை முதலில் மாட்டினார்கள். பிறகு புதுத் திரவம், மறுபடி “மிதிங்க, பிடிங்க, விடுங்க.” இந்தத் தடவை மூன்றாவது மிதியிலேயே பாட்டிலில் ‘புளுக் புளுக்’கென்று காற்று புறப்பட்டது. சிறையிலிருந்து கைதி வெளியே வருகிற மாதிரி!

“எப்படி இருக்கு சித்தி?”

நான் பதில் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் சும்மா இருந்தேன். பிறகு ஒரே ஒரு தடவை மிதித்தேன். கால் பாதி வழியில் கல்லில் முட்டியதுபோல நின்றது. இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. இறங்கி வந்து அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவள் மிதித்தாள். ஒரு நிமிஷம் முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிதி இறங்கவில்லை. அத்தான் கொடுத்த செய்தித்தாளை நான்கு சக்கரத்தடியிலும் விரித்து இரவு முழுக்க வைத்திருந்தோம். காலையில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

அப்புறந்தான் உப்பளம். முதலில் நடைவேகம், நிறுத்தம். பிறகு 10 கிலோமீட்டர்; நிறுத்தம். 20, நிறுத்தம். 30, நிறுத்தம். நிற்கும்போது கார் இடமாகவோ வலமாகவோ இழுக்கிறதா என்று அத்தான் மண்ணில் டயர்த் தடத்தைப் பார்த்தார். சின்னவளை அக்கா தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், ஏழு வயசுப் பெண்ணை!

செட்டிபாளையத்துப் பாதையில் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு போட்டிக்கு வருகிறார்களாம். அங்கே எந்தக் காரும் ஓடிக் காட்டுவதற்கு முன் நின்று காட்ட வேண்டும். ஒரே மிதியில் நான்கு சக்கரமும் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பந்தயத்தில் இடமில்லை. அடுத்த வருஷம் தன் கல்லூரிக் கோஷ்டியோடு அங்கே போக வேண்டும் என்பது பையனின் ஆசை. போகட்டும். இப்போது எனக்குப் பயமில்லை.

*

இந்தக் கதை உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் வீட்டில் யாரும் கார் செய்வதில்லை, வாங்குகிறோம். வாஸ்தவம். ஆனால் அதிலும் அதே திரவம்தான் ஓடுகிறது. அடுத்த தடவை வண்டியின் முன் மூடியைத் திறக்கும்போது பிரேக் திரவக் கிண்ணத்தைப் பாருங்கள். வெள்ளையாக, உள்ளே தெரியும்படி இருக்கும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. திரவம் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நான்காம் ரகத் திரவம் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையில் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியும் காற்றைப் போலத்தான், அமுங்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். அதனால்தான் கொடைக்கானல் மலையிறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திராமல் சின்ன கியரில் இறங்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. வண்டியை ஓட்டுகிற நம் பெண்களில் பல பேர், “மிதி ஏதோ மாதிரி இருக்கு” என்று தோன்றினாலும் சொல்வதில்லை. நமக்கென்ன தெரியும், சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். எழுபது வயசு அத்தை சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு மீனை மட்டும் ஆய்ந்திருந்தால், அந்தக் காற்று இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

சென்னைக்குத் திரும்பியதும் ஆசிரியர் கேட்டார்: “அண்டிரீக் அடிகள் கட்டுரை எப்படி வந்திருக்கிறது?”

“பரவா...” என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

“இன்னும் எழுதவே இல்லை, ஸார்” என்றேன்.